எவனுக்கும் மூணாவது சுத்து கெடையாது

பொய் மச்சான். முழுப் பொய். எனக்குப் பிரேக் புடிக்கத் தெரியாதுன்னு ஊர் பூரா சொல்லி வச்சிட்டுப் போயிட்டியே, நீ செத்தும் அந்தப் பொய் சாக மாட்டேங்குது.

இன்னைக்குக் காலையில என்ன நடந்திச்சுன்னு கேளு. கோழிக்கட கணேசன் புதுசா ஆட்டோ எடுத்திருக்கான். பூசாரியக் கூட்டிக்கிட்டு வந்து, மால போட்டு, மூணு சில்லுக்கும் அடியில எலுமிச்சங்கா வச்சி ஏத்தி நசுக்குனான். அந்த வாசம் மூக்குல ஏறுச்சு. ஏறுன ஒடனே நீ வந்து பக்கத்துல நின்ன மாதிரி இருந்திச்சு. நான் சும்மா அந்த ஆட்டோவத் தொட்டுப் பாக்கலாம்னு கிட்டப் போறேன், கணேசன் சொல்றான்: "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பிரேக்குப் பக்கம் மட்டும் கைய வச்சிறாதீங்க. பெரிய மாமா அப்பவே சொல்லிட்டுப் போயிருக்காரு." நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. பூசாரி ஒரு கையால கற்பூரத் தட்டப் புடிச்சிக்கிட்டு மறு கையால வாயப் பொத்திக்கிட்டாரு.

அதான் எழுதுறேன். திருப்பிப் பேச முடியாத எடத்துல நீ இருக்க. எனக்கு ரொம்ப வசதி. உசுரோட இருக்கையில என்னைய எங்க பேச விட்ட?

ஒன் வீட்டுலதான் குந்தியிருக்கேன், ஒன் கதிரையிலதான். ஒன் பொஞ்சாதி, என் தங்கச்சி சரோஜா, எதுத்தாப்புல சொளகுல போஞ்சிக்காய நாரு உரிச்சி ஆஞ்சிக்கிட்டு இருக்கா. வாயால சொல்லிச் சொல்லி எழுதுனாத்தான் எனக்கு எழுத்து வரும்னு ஒனக்குத் தெரியும். நாலாங்கிளாசோட நின்ன கை. அதனால நான் எழுதுறது அம்புட்டும் அவ காதுல விழுது. விழட்டும். நீ கதிரைய நல்லா அமுக்கி வச்சிருக்க, ஒன் பக்கம் பள்ளமா இருக்கு. ஒரு பக்கமா சாஞ்சிதான் எழுதுறேன், அதனால எழுத்தும் சாஞ்சிருக்கும், குத்தம் சொல்லாத.

அந்த ரோலர் கோஸ்டர் வந்து எறங்குன நாள் ஞாபகம் இருக்கா? நம்ம எஸ்டேட்டுல தேயில அரைக்கிற ஸ்டோரு மூடி, நீ மிசின் ரூம் வேலையும் நான் கொழுந்து மூட்ட தூக்குற வேலையும் இல்லாம நின்ன காலம். தெல்தெனிய போற ரோட்டுல, கீழ டேம் தண்ணி தெரியிற மேட்டுல, கண்டியில துணிக்கட வச்சிருந்த முதலாளி காணி வாங்கி வெளயாட்டுப் பூங்கா போட்டாரு. ராட்டினம், சுத்துற குதிர, குளத்துல மிதிக்கிற வாத்துப் படகு எல்லாம் வச்சாரு. ரோலர் கோஸ்டர் இல்லாட்டி டவுன்ல இருந்து ஒருத்தனும் வர மாட்டான்னு யாரோ அவரு காதுல ஓதிட்டாங்க. எந்த நாட்டுலயோ இழுத்து மூடுன பூங்காவுல ஓடிக் களைச்ச பழைய வண்டி ஒன்ன வெலை பேசி, கப்பல்ல ஏத்தி எடுத்துட்டாரு.

லொறி லொறியா பெட்டி வந்திச்சு. பெட்டி மேல இருந்த எழுத்து முதலாளிக்கும் தெரியல, நமக்கும் தெரியல. பொருத்திக் குடுக்கக் கூட ஒரு வெளிநாட்டு ஆளு வந்தான். நல்ல மனுசன். பாதி பொருத்துனப்ப நீ அவனுக்கு மொளகா எரியிற கட்டச் சம்பலும் ரொட்டியும் குடுத்த. ரெண்டு நாளு கக்கூசுல இருந்தவன், வெளிய வந்ததும் நேரா ஏர்போட்டுக்குப் போயிட்டான். மிச்சத்த நம்மதான் பொருத்துனோம். பொருத்தி முடிச்சா, ஒரு பெயின்ட் வாளி நெறைய போல்ட்டும் நட்டும் மிச்சம். இது எங்க போட வேண்டியதுன்னு கேட்டேன். நீ கொஞ்சங்கூட அசையல. "கல்யாண வீட்டுல சோறு மிஞ்சாதா? அது மாதிரிதான். கூடத்தான் அனுப்புவாங்க"ன்ன.

கொழும்புல இருந்து சிங்கள இன்ஜினியர் மாத்தயா ஒருத்தர் வந்து, ஒவ்வொரு எடமாத் தட்டிப் பாத்து, சரின்னு சொன்னதுக்கு அப்புறந்தான் எனக்கு மூச்சு வந்திச்சு. அவரு சொன்னபடி ஆளுக்குப் பதிலா மண் மூட்டைய சீட்டுல வச்சி, பெல்ட்டு போட்டு ஓட்டிப் பாத்தோம். முன் சீட்டு மூட்டைக்கு நீ ஒரு பழைய தொப்பிய மாட்டி, இவருதான் நம்ம ஸ்டோருல அதிகாரம் பண்ணுன டீமேக்கர் ஐயா, நல்லா இறுக்கிக் கட்டுன்ன. ஐயா ஒரு சேதாரமும் இல்லாம சுத்தி வந்தாரு. தொப்பி மட்டும் பறந்து போயி வாத்துக் குளத்துல விழுந்திச்சு. அன்னைக்கு நம்ம ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல வாத்தெல்லாம் கரை ஏறிருச்சு.

அப்புறம் தெறப்பு விழா. பூசாரியக் கூட்டிக்கிட்டு வந்தது நீதான், அத மறந்துறாத. ஸ்டோருல மிசினக் காக்குற ரோதமுனிக்குப் பூச போடாம ஒரு மிசினும் சுத்தாதே, அந்தப் பழக்கம் ஒனக்கு. பூசாரியும் எலுமிச்சங்காய ஒரு சின்னப் பையிலதான் கொண்டு வந்தாரு. குனிஞ்சி வண்டிக்கு அடியில பாத்த மனுசன் நிமிரவே இல்ல. காரு, லொறி, ட்ராக்டர் எல்லாத்துக்கும் பூச போட்டவரு. நம்ம ரோலர் கோஸ்டர், இவளுக்கு மட்டும் தண்டவாளத்துக்கு மேல சில்லு, பக்கத்துல சில்லு, அடியிலயும் சில்லு. அடியில இருக்கிறது எதுக்குன்னு கேட்டாரு. வண்டி மேல கெளம்பிப் போயிறாம கம்பியக் கவ்விப் புடிச்சிக்கிறதுக்குன்னு நீ சொன்ன. அப்ப அதுதான் தாய்ச் சில்லு, அதுக்கு வைக்காம விட்டா சாமி குத்தமாயிரும்னுட்டாரு.

வத்தேகம சந்தைக்கு ஆளனுப்பி சாக்குல எலுமிச்சங்கா வந்திச்சு. கம்பிக்கு அடியில எலுமிச்சங்கா எப்படி நிக்கும்? பூக்கட்டுற நூலால கட்டிரலாம்னு நீதான் யோசன சொன்ன. பூசாரி மேல வச்சாரு, நீ பக்கத்துல சொருகுன, நான் புது வேட்டியோட மண்ணுல மல்லாந்து படுத்து அடியில கட்டுனேன். அதோட விட்டாரா மனுசன்? பளபளன்னு இருந்த ஒரு தகட்டப் பாத்துட்டு, இவ்வளவு அழகான எடத்த வெறுமனே விடலாமான்னு, சந்தனத்த எண்ணெயில கொழச்சி நீட்டா மொழுகிட்டாரு. அந்தத் தகடுதான் பிரேக் தகடு. நீயும் பாத்துக்கிட்டுத்தான் நின்ன. கும்புட்டுக்கிட்டு நின்ன.

அவ ஓடுறது என்ன பெரிய வித்தையா? மோட்டார் சங்கிலி உச்சிக்கு இழுத்துக்கிட்டுப் போகும். அங்க இருந்து தானா உருண்டு எறங்கும். திரும்பி எடத்துக்கு வர்றப்ப நீ பிரேக் லிவர இழுத்தா, ரெண்டு கட்ட வந்து அந்தத் தகட்ட இறுக்கிப் புடிக்கும், வண்டி நிக்கும். இழுக்காட்டி வண்டி நேரா சங்கிலிக்குப் போயி மறுபடி ஏறிரும். அவ்வளவுதான் சங்கதி.

மொதச் சுத்துல முன்னால முதலாளி. அவருக்குப் பக்கத்துல அந்தப் பக்கத்துப் பெரிய மனுசன் ஒருத்தரு. பின்னால தேங்காய மடியில வச்சிக்கிட்டு பூசாரி, அவருக்குத் தொணையா நான். உச்சியில இருந்து எறங்குறப்ப பூசாரி முருகனக் கூப்புட்டாரு, மாரியம்மாவக் கூப்புட்டாரு, முனியாண்டிய, ரோதமுனிய, நம்ம எஸ்டேட்டுல எந்தெந்த மரத்தடியில என்னென்ன சாமி இருக்கோ எல்லாத்தையும் கூப்புட்டாரு. சில்லுல எலுமிச்சங்கா நசுங்கி மொகத்துல சாறு அடிக்குது. கண்ணத் தொறக்க முடியல. ஒருவழியா கீழ வந்தோம். நீ லிவர இழுத்த. கட்ட தகட்டப் புடிச்சிச்சு. சந்தன எண்ணெயில வழுக்கிச்சு. நீ ரெண்டு கையாலயும் தொங்குன, ஒரு கால செவுத்துல குடுத்து இழுத்த. நாங்க ஒன்னையத் தாண்டிப் போறோம். ஒன் கண்ணும் என் கண்ணும் பாத்துக்கிச்சு. சம்பந்தி வீட்டு ஆளக் கள்ளுக்கடையில பாத்த மாதிரி, ஒடனே நீ வேற பக்கம் திரும்பிக்கிட்ட.

மறுபடி ஏறுனோம். பூசாரிக்கு சாமி பேரெல்லாம் மொதச் சுத்துலயே தீந்து போச்சு. ரெண்டாவது சுத்துல ஒன் பேரச் சொல்லிக் கும்புட்டாரு மச்சான், சத்தியமா. கண்ண மூடிக்கிட்டு, கை ரெண்டையும் கூப்பிக்கிட்டு, அப்பனே காப்பாத்துன்னு ஒன்னையத்தான். தேங்கா எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அதுக்குள்ள எண்ணெ தொடச்சிக்கிட்டுப் போயிருக்கும்போல, ரெண்டாவது தரம் பிரேக் புடிச்சிருச்சு. சனமெல்லாம் கை தட்டுது. முதலாளி எறங்குனாரு. காலு ரெண்டும் ரெண்டு தெசைக்குப் போகுது. வண்டி நிக்கலன்னு சொன்னா நாளைக்கு ஒருத்தனும் ஏற மாட்டான். மனுசன் மைக்க வாங்கி, "நம்ம பூங்காவுல ஒரு டிக்கட்டுக்கு ரெண்டு சுத்து"ன்னுட்டாரு. சொன்ன வாய் அவருது, மாட்டுனது நீ. அன்னையில இருந்து மூடுற வரைக்கும் ரெண்டு சுத்து. கண்டி சனம் பெரஹர திருவிழா பாக்க வர்றவங்ககிட்டயே சொல்லும், ஒலகத்துல எங்கயும் ஒரு சுத்துதான், தெல்தெனிய ரோட்டுல மட்டும் ரெண்டுன்னு.

அன்னைக்குச் சாயந்தரமே நீ ரெண்டு சட்டம் போட்ட. ஒன்னு, லிவர ஒன்னையத் தவிர ஒருத்தனும் தொடக் கூடாது. நான் டிக்கட்டு கிழிச்சி பெல்ட்டு மாட்டுறதோட சரி. ரெண்டு, எவனுக்கும் மூணாவது சுத்து கெடையாது. அந்தச் சட்டத்துக்கு நீ குடுத்த மரியாதைய நம்ம சாமிக்குக் கூட குடுக்கல. ஒரு தரம் முதலாளியோட மருமகன் வந்து, இன்னொரு சுத்து விடுன்னு சீட்ட விட்டு எறங்காம அடம் புடிச்சாரு. நீ மோட்டார நிப்பாட்டிட்டு, பெட்டியில இருந்து சோத்துப் பார்சல எடுத்துப் பிரிச்சி, அவரு மொகத்தப் பாத்துக்கிட்டே சாப்புட்ட. பருப்ப வழிச்சி நக்கி முடிக்கிறதுக்குள்ள மருமகன் எறங்கிப் போயிட்டாரு. முதலாளி கூப்புட்டுச் சத்தம் போட்டதுக்கு, ரெண்டுன்னு மைக்குல சொன்னது நீங்கதாங்க முதலாளின்னு சொல்லிட்டு வந்திட்ட.

எல்லாம் சரி. ஆனா இங்க வீட்டுல என்ன நடந்திச்சு? தீபாவளியா, பொங்கலா, சித்திர வருசமா, வெசாக்கா, ஊரே புள்ளகுட்டியோட வெளிய போற நாளெல்லாம் நீ லிவரப் புடிச்சிக்கிட்டு நிப்ப. சரோஜா கல்யாண வீட்டுக்குப் போறதுன்னாலும் என்னோட, கோயிலுக்குன்னாலும் என்னோட. எங்கடி ஒம் புருசன்னு கேட்டா, சின்னவீட்டுல இருக்காருன்னு சொல்லுவா. கேட்டவளுக மொதல்ல பதறிப் போவாளுக. அப்புறம் வெசயம் தெரிஞ்சி, ஊரே அந்த ரோலர் கோஸ்டர ஒன் சின்னவீடுன்னு சொல்ல ஆரம்பிச்சிச்சு. நீயும் வெக்கமில்லாம சிரிச்ச. "அவ சொன்ன எடத்துல நிப்பா. வீட்டுல இருக்கிறவ நிப்பாளா?"ன்னு என்கிட்டயே கேட்ட. நான் அவ அண்ணன்டா.

ஒன் மக கல்யாணத்தன்னைக்கு நீ செஞ்சதுதான் பெரிய கூத்து. தாலி கட்டி முடிஞ்சி, பந்தி ஒக்காரல, பட்டு வேட்டிய மாத்திக் காச்சட்டையப் போட்டுக்கிட்டு ஓடிட்ட. லீவு நாளு, சனம் வந்திருக்கும்னு. அன்னையில இருந்து சரோஜா ஒன்கிட்ட பேசல. கோழிகிட்டத்தான் பேசுவா. ஏ கோழி, சோறு போட்டு மூடியிருக்கு, திங்கிறவங்க திங்கலாம். ஏ கோழி, லைட்டு பில்லு வந்திருக்கு, கட்டுறவங்க கட்டலாம். நீயும் சளைக்காம கோழிகிட்டயே பதில் சொன்ன. வீட்டுல ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தக் கோழி பட்ட பாடு இருக்கே, அதக் கொழம்பு வைக்கக் கூட ரெண்டு பேருக்கும் மனசு வரல.

இத எழுதுறப்ப சரோஜா நிமிந்து, அந்தக் கோழி மூக்கு செவப்பா இருக்கும்னு எழுதுங்கண்ணே, அது நல்ல கோழிங்கிறா. எழுதிட்டேன்.

அப்புறம் கெட்ட காலம். கொரோனா வந்து கேட்டுல பூட்டு தொங்குச்சு. பூட்டத் தொறந்தா பெட்ரோல் இல்ல, வேன் இல்ல, சனம் இல்ல. பாதி நேரம் கரண்டு கட்டு. கீழ டேமுல தண்ணிய விட்டு நாட்டுக்கே கரண்டு எடுக்கிறாங்க, மேல நம்ம மோட்டாருக்கு இல்லாம வாத்தப் பாத்துக்கிட்டு குந்தியிருக்கோம். கடைசியில முதலாளி கைய விரிச்சிட்டாரு. காணிய வித்தாச்சு, இந்த ஞாயித்துக்கெழமையோட சரின்னாரு. அந்த வாரம் பூரா நீ சில்லுக்குக் கிரீஸ் போட்டுக்கிட்டே இருந்த. திங்கக்கெழம வெட்டப்போற இரும்புக்கு எதுக்குடா கிரீஸ்னு கேட்டதுக்கு, வேலையப் பாருன்ன.

அதே வாரந்தான் சரோஜா பைய கட்டுனா. ஹட்டன்ல மக வீட்டுக்குப் போயிறப் போறேன், அங்கயே இருந்துருவேன்னா. நான் கெஞ்சுனேன். இனி மச்சான் வீட்டுலதானே இருப்பான், இப்பப் போயி போறேங்கிறியேன்னேன். அதுக்கு அவ சொன்னத நான் ஒன்கிட்ட சொன்னதே இல்ல. இப்ப சொல்றேன். "அந்தச் சின்னவீடு தின்னுட்டுப் போட்ட மிச்சத்த நான் எதுக்கு வச்சிக்கிறணும்?"னு கேட்டா. சரோஜா போயிட்டா ஒன் கதி என்னன்னு நெனைக்கவே எனக்குப் பயமா இருந்திச்சு. ஒனக்கு சோறாக்கத் தெரியாது, வேட்டி எங்க இருக்குன்னு தெரியாது. கோழியும் அவளோடதான்.

கடைசி நாளு சாயந்தரம், சனமெல்லாம் எறங்கிப் போயிருச்சு. சரோஜா பையோட பூங்காவுக்கு வந்தா. அத்தன வருசத்துல அன்னைக்குத்தான் அவ அந்தக் கேட்டுக்குள்ள கால வச்சா. வீட்டுச் சாவிய ஒன் கையில குடுத்துட்டு, கண்டி பஸ்ஸப் புடிச்சி ஹட்டன் போக வந்தவ. சாவிய நீட்டுனா. நீ வாங்கல. அவ அண்ணாந்து பாத்தா. மேல வரைக்கும் பாத்தா.

"இவதானா?"ன்னு கேட்டா. கோழிய கேக்கல, ஒன்னையத்தான் கேட்டா.

நீ தொண்டையச் செருமிக்கிட்டு, "ஒரு தரம் ஏறிட்டுப் போ"ன்ன.

"நீங்க பக்கத்துல உக்காந்தா ஏறுறேன்."

வாத்துப் படகுக்காரன், ராட்டினக்காரன், டிக்கட்டு ரூம் பொம்பள எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நீ லிவர விட்டு வர மாட்டன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். சரோஜாவுக்கும் தெரியும், தெரிஞ்சிதான் கேட்டா. நீ லிவரப் பாத்த, அவளப் பாத்த, பஸ் ரோட்டப் பாத்த. அப்புறம் என்னையப் பாத்து, "டேய், இங்க வா. இதப் புடி"ன்ன.

அந்த லிவரு ஒன் கை பட்டுப் பட்டு வழவழன்னு இருந்திச்சு மச்சான். நான் புடிச்சேன். நீ போயி முன் சீட்டுல அவ பக்கத்துல உக்காந்த. லிவரு இல்லாம கை ரெண்டையும் எங்க வைக்கிறதுன்னு ஒனக்குத் தெரியல. பொண்ணு பாக்க வந்த மாப்புள மாதிரி மடியில வச்சிக்கிட்ட. சங்கிலி கடகடன்னு இழுத்திச்சு. உச்சியில ரெண்டு தலை சின்னதா தெரிஞ்சிச்சு. எறங்குறப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு பாரு, அத்தன வருசம் அத்தன சனம் கத்திக் கேட்டிருக்கேன், அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்ல. ஆம்பள சத்தம். அம்மான்னு கத்துன. சரோஜா ஒரு சத்தமும் போடல, சேல முந்தானைய இறுக்கிக்கிட்டு நிமிந்து இருந்தா.

ரெண்டு சுத்து முடிஞ்சி வர்றீங்க. நான் இழுக்கத் தயாரா நிக்கிறேன். இப்ப நல்லாக் கேட்டுக்க, இந்த எடந்தான் முக்கியம். நீ தண்ணிப் பக்கமா மொகத்தத் திருப்பி வச்சிருந்த. சரோஜா என்னையப் பாத்து, ஒத்தக் கையத் தூக்கி, போகட்டும் போகட்டும்னு காட்டுனா. நான் லிவர விட்டுட்டேன். வேணும்னுதான் விட்டேன். மூணாவது சுத்து போச்சு. திரும்பி வர்றப்ப மறுபடி கைய தூக்குனா. மறுபடி விட்டேன். நாலாவது சுத்து முடிஞ்சி, கைய தூக்கல, இழுத்தேன். கோட்டுல நிப்பாட்டுனேன், மச்சான். ஒரு விரக்கட முன்னுக்கு இல்ல, பின்னுக்கு இல்ல.

நீ எறங்குன. ஒரு நன்றி உண்டா? எல்லாருக்கும் முன்னால நின்னு, "இவன நம்பி லிவரக் குடுத்தேன் பாரு, பிரேக் புடிக்கத் தெரியாம நாலு சுத்து சுத்த விட்டுட்டான்"னு கத்துன. என் சட்டத்தையே ஒடச்சிட்டான்ன. நான் வாயத் தொறக்கப் போறேன், சரோஜா வந்து காதுல சொல்றா, அண்ணே, நான் கையக் காட்டுனத மட்டும் அவருகிட்ட சொல்லிறாதீங்க, எனக்கு மானம் போயிரும்னு. என் தல மேல அவ கைய வச்சி சத்தியம் வாங்கிக்கிட்டா. கூடப் பொறந்தவ. என்ன செய்ய? வாய மூடிக்கிட்டேன். அதுக்குள்ள கண்டி பஸ் போயிருச்சு. பைய வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு வாங்கண்ணேன்னுட்டு, ஒன் பின்னால நடந்தா.

மறுநாளுல இருந்து கோழிகிட்ட யாரும் பேசல. அது பாவம், என்னமோ தப்பு செஞ்ச மாதிரி ரெண்டு பேரு மொகத்தையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு நின்னிச்சு.

திங்கக்கெழம இரும்பு வெட்டுற ஆளுக வந்தாங்க. அவள வெட்டி லொறியில ஏத்துனாங்க. இப்ப அந்த எடத்துல கல்யாண ஹோல் கட்டியிருக்கு. நம்ம கோயில் மடப்பள்ளிக் கூரையத் தாங்கிக்கிட்டு நிக்கிறது அவளோட ரெண்டு எலும்பு. நாலஞ்சி ஆட்டுப் பட்டியில வேலி. நீ ஒரு துண்டு கூட கேட்டு வாங்கல. வீட்டுல குந்தி, சரோஜாவோட சேந்து போஞ்சி ஆஞ்ச. ஆனா என்னைய மட்டும் விடல. ஆட்டோ ஸ்டாண்டுல சொன்ன, கோயில் கமிட்டியில சொன்ன, என் மருமகன்கிட்ட சொன்ன. பேராதன ஆஸ்பத்திரியில ஒன்னைய சில்லு வச்ச கட்டில்ல படுக்க வச்சி நான் தள்ளிக்கிட்டுப் போறேன், மூக்குல கொழாய், பேச்சு சரியா வரல, அப்பயும் நர்ஸ் பொண்ணக் கைய ஆட்டிக் கூப்புட்டு, "மிஸ், வேற யாரையாவது தள்ளச் சொல்லுங்க. இவனுக்குப் பிரேக் தெரியாது"ன்ன. அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. நானும் சிரிச்சேன். மூணாம் நாளு நீ போயிட்ட. அதுக்கப்புறம் அந்த சிரிப்பு எனக்கு நெஞ்சுல அடைச்சிக்கிட்டே இருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தெரிஞ்சிதான்டா விட்டேன், ஒனக்காகத்தான்டா விட்டேன்னு. சத்தியம் தடுத்திருச்சு. என்னைய ஒன்னத்துக்கும் ஒதவாத கைன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டியேன்னுதான் எனக்குக் கவல.

இப்ப சொல்லிட்டேன். ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதானே சத்தியம், நீதான் இல்லையே. என்ன சரோ, தப்பா?

சரோஜா போஞ்சி ஆயிறத நிப்பாட்டிட்டா. என்னையவே பாக்குறா. அப்புறம் சொல்றா மச்சான், அப்படியே எழுதுறேன்:

"அது அவருக்குத் தெரியும்ணே. மூணாவது சுத்துக்குக் கையத் தூக்கச் சொன்னதே அவருதான். ஒன் அண்ணன் விட்டுருவான், பழிய அவன் மேல போட்டுக்கலாம், சட்டமும் ஒடையாதுன்னாரு. சொல்லாதீங்கன்னு ஒங்ககிட்ட சத்தியம் வாங்கச் சொன்னதும் அவருதான்."

பேனாவ வச்சிட்டு ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்து எழுதுறேன்.

அடப்பாவி. அப்ப அந்த ஆட்டோ ஸ்டாண்டு? அந்தக் கோயில் கமிட்டி? மூக்குல கொழாயோட நர்ஸ் பொண்ணக் கூப்புட்டது? என் மொகம் போற போக்கப் பாத்து, உள்ளுக்குள்ள சிரிச்சிக்கிட்டே படுத்திருந்தியா? ஊரக் கேலி பண்ணுறவன்னு எனக்குப் பேரு, என்னைய நீ கட்டில்ல படுத்துக்கிட்டே சுத்த விட்டிருக்க. இன்னொரு சுத்து வேணும்னு கேக்க ஒனக்கு வாய் வரல, அதுக்கு என் கை ஒனக்கு வேண்டியிருந்திருக்கு. தெரிஞ்சிக்க, அந்தக் கையத்தான் ஆஸ்பத்திரியிலயும் கடைசி வரைக்கும் புடிச்சிக்கிட்டு இருந்த.

சரி. கணேசன் நாளைக்கும் சிரிப்பான். சிரிக்கட்டும். பிரேக் புடிக்கத் தெரியாதுன்னே நானும் சொல்லிக்கிறேன். நீ குடுத்துட்டுப் போன பேரு, சாகுற வரைக்கும் வச்சிக்கிறேன். ஒன் சட்டம் ஒடையல மச்சான், நிம்மதியாத் தூங்கு.

ஆனா ஒரு கணக்கு இடிக்குது. மூணாவது சுத்துக்குக் கையத் தூக்கச் சொன்னது நீ. நான் பாத்தது ரெண்டு தரம்.

"சரோ, அப்ப நாலாவது சுத்து? அதுக்கு யாரு சொன்னது?"

சொளகத் தூக்கிட்டா. மிச்ச போஞ்சிய ஆயவே இல்ல. முந்தானைய உதறிக்கிட்டு எந்திரிச்சிட்டா. ஏய் சரோ, இரு, பதில் சொல்லிட்டுப் போ, ஒம் புருசனுக்கு எழுத வேணாமான்னு கேக்குறேன். திரும்பல. அடுப்பெரியிற குசினிப் பக்கமா நடக்குறா, மச்சான். அந்த நடைய நீ பாக்கணுமே, சின்னப் புள்ளையில ஒன்னைய மொதல்ல பாத்துட்டு லயத்து வீட்டுக்கு ஓடி வந்தாளே, அதே நடை.